ஒரு தடவைதானே சொன்னேன்

“அதை எங்கே எடுத்துட்டுப் போற?”

“உள்ளே வைக்கத்தான். நீங்க வேண்டாம்னு சொன்னீங்களே.”

“ஒரு தடவைதானே சொன்னேன்.”

செல்வக்கனி தட்டும் கையுமாக அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். தட்டில் முந்திரிக்கொத்தும் ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பியும் இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்திருந்த லாலேயின் முகத்தில் கோபம் இருந்தது. அதைவிட அதிகமாகப் பசி இருந்தது.

“எங்க ஊர்ல விருந்தாளி முதல்ல வேண்டாம்னுதான் சொல்லணும்,” என்றாள் லாலே. “வீட்டுக்காரங்க திரும்பக் கேக்கணும். அப்பவும் வேண்டாம்னு சொல்லணும். மூணாவது தடவை கேட்டாத்தான் கையை நீட்டலாம். முதல் தடவையே வாங்கிக்கிட்டா அலையறான்னு நினைப்பாங்க. திரும்பக் கேக்காமத் தட்டை எடுத்துட்டுப் போனா, வந்தவ எப்படா கிளம்புவான்னு வீட்டுக்காரங்க பாக்கறாங்கன்னு அர்த்தம்.”

“எங்க ஊர்லயும் அப்படித்தான்.”

“அப்புறம் ஏன் எடுத்துட்டுப் போன?”

“உங்க ஊர்ல அப்படி இல்லைன்னு நினைச்சேன். ஆரஷ் ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. கேட்டதும் வாங்கிக்குவார். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடுவார்.”

“யாரு, என் தம்பியா?” லாலே அன்று முதல்முறையாகச் சிரித்தாள். “எட்டு வயசுல எங்க அத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். நல்ல பசி அவனுக்கு. அத்தை ரெண்டு தடவை கேட்டா, ரெண்டு தடவையும் வேண்டாம்னான். அத்தைக்கு என்ன அவசரமோ, மூணாவது தடவை கேக்கல. வீடு வந்து சேர்ற வரைக்கும் தெருவெல்லாம் அழுதுகிட்டே வந்தான். அவனா கேட்டதும் வாங்கிக்கறவன்?”

கனி சிரிக்கவில்லை. தட்டை மேசைமேல் வைத்தாள். காப்பி தளும்பித் தட்டில் கொட்டியது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை.

லாலே அன்று காலையில்தான் யஸ்த் நகரத்திலிருந்து வந்திருந்தாள். ஈரானின் நடுவே, பாலைவனத்தை ஒட்டிய ஊர் அது. விமானம் தூத்துக்குடியில் இறங்கும்போது காது அடைத்து வலி எடுத்துவிட்டது. காதில் எதையும் மாட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் பேச்சை மொழி மாற்றித் தரும் அவளுடைய செவித்துணை கைப்பைக்குள் கிடந்தது. வந்தவள் வெறுங்காதோடு இருக்கும்போது தான் மட்டும் மாட்டிக்கொண்டிருப்பது மரியாதை இல்லை என்று கனியும் தன்னுடையதைக் கழற்றி வைத்தாள். இருவரும் பள்ளிக்கூடத்தில் படித்து மறந்துபோன ஆங்கிலத்தைத் தோண்டி எடுத்து, ஒவ்வொரு சொல்லாகத் தட்டுத்தடுமாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் இப்போது யாரும் இன்னொரு மொழி படிப்பதில்லை. தேவையும் இல்லை.

தம்பியின் சாமான்களை எடுத்துக்கொண்டு போகத்தான் லாலே வந்திருந்தாள். அப்பாவின் செம்புக் கெண்டி, இரண்டு கம்பளிப் போர்வைகள், கொஞ்சம் புத்தகங்கள். நாலு மாதத்துக்கு முன்னால் ஆரஷ் செவ்வாய் கிரகத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டான். அவன் திரும்ப மாட்டான். அந்தக் கப்பல் போவதற்கு மட்டுமே கட்டப்பட்டது. போகிறவர்கள் அங்கேயே வீடு கட்டி, அங்கேயே மண்ணைத் தோண்டி, அங்கேயே இருந்துவிட வேண்டும்.

அவன் மனைவிதான் செல்வக்கனி.

*

ராக்கெட் தளம் வந்த பிறகு குலசேகரப்பட்டினம் வேறு ஊராகிவிட்டிருந்தது. நாற்பது நாட்டு ஆட்கள் அங்கே குடியிருந்தார்கள். தசராவுக்கு முத்தாரம்மன் கோயிலில் காளி வேஷம் கட்டுகிறவர்களில் இரண்டு பேர் நார்வேக்காரர்கள். மீன் சந்தையில் பிரேசில்காரி ஒருத்தி வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசுவாள். எல்லோர் காதிலும் செவித்துணை இருந்தது. ஊர்க்காரர்கள் அதைப் பூச்சி என்றார்கள். ‘ஏல, பூச்சிய மாட்டிட்டுப் பேசு’ என்பது கடைவீதியில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு.

சொல்லுக்குச் சொல் மாற்றித் தரும் கருவிகள் எல்லாம் பழங்கதை. செவித்துணை ஒரு படி மேலே போனது. சொல்கிறவருடைய குரலின் நடுக்கம், மூச்சு, நாடித் துடிப்பு எல்லாவற்றையும் பார்த்து, அவர் மனசில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போடும். அதை எந்த ஊர்க்காரருக்கும் விளங்கும்படி நேராகவும் சுருக்கமாகவும் ஆக்கி, சொன்னவரின் சொந்தக் குரலிலேயே அடுத்தவர் காதில் சேர்க்கும். அசல் பேச்சு குழப்பக் கூடாது என்று அதைக் காதில் விழாமல் அடக்கியும் விடும். இது வந்த பிறகு கட்டட வேலைகள் சொன்ன நாளில் முடிந்தன. வெவ்வேறு தேசத்து ஆட்கள் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் சமைத்துச் சாப்பிட்டார்கள். கல்யாணங்கள்கூட நடந்தன.

கனி உணவுப் பிரிவில் இருந்தாள். பயணிகளுக்கு மாதக்கணக்கில் கெடாத தின்பண்டம் செய்வது அவள் வேலை. பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து கெடாது என்று அவள் அம்மாவுக்கே தெரியும். அதை எடையில்லாத இடத்தில் தூளாகிப் பறக்காதபடி செய்து காட்டியது கனி. அதைச் சாப்பிட்டுப் பார்த்துக் கருத்துச் சொல்ல ஆட்கள் வேண்டியிருந்தது. பயணிகள் அப்போது தேரிக்காட்டில் பயிற்சியில் இருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் செக்கச் செவேலென்று மணல் கிடக்கிற இடம். செவ்வாயில் நடந்து பழக அதைவிட வாகான இடம் பூமியில் இல்லை என்று பன்னாட்டுக் குழு அங்கே முகாம் போட்டிருந்தது.

அந்த முகாமில்தான் ஆரஷைப் பார்த்தாள். நிலத்தடி நீர்ப் பொறியாளன். தலைமுடி, இமை, சட்டைக் காலர் எல்லாம் செம்மண். அவள் தட்டை நீட்டினாள்.

“கொடுங்க. நல்ல வாசனையா இருக்கு,” என்று அவன் குரல் காதில் கேட்டது.

தின்றுவிட்டு, “இன்னொண்ணு வேணும்,” என்றான்.

கனிக்கு அவனை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று. அவள் வளர்ந்த வீட்டில் எல்லாமே சுற்று வழி. மாமாவுக்கு ஒரு கரண்டி சோறு போடுவதற்குள் நாலு வேண்டாம், இரண்டு போதும், ஒரு ‘அட, விடு தாயி’ எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டும். இவன் மனசில் பட்டதைப் பட்டென்று சொல்கிறான். இப்படி ஒருத்தனோடு வாழ்ந்தால் ஆயுசில் பாதி நேரம் மிச்சமாகும் என்று அவள் தன் தோழியிடம் சொன்னாள்.

கல்யாணம் ஆன பிறகு இன்னொன்றும் புரிந்தது. அவன் அவளுக்குத் தேநீர் போட்டு நீட்டுவான். அவள் பழக்கதோஷத்தில் “வேண்டாம், நீங்க குடிங்க” என்பாள். அவன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதவன் போலச் சிரித்தபடி அவள் கையில் கோப்பையை வைப்பான். நாட்டியத்துக்குப் போகலாமா, கடலுக்குப் போகலாமா, தலை வலிக்கிறதா, பிடித்துவிடட்டுமா என்று எதைக் கேட்டாலும் அவள் வாயில் வேண்டாம்தான் முதலில் வரும். எந்த வேண்டாம் நிஜம், எந்த வேண்டாம் சும்மா என்று அவன் ஒரு தடவைகூடத் தப்பாக நினைத்ததில்லை. ‘என் மனசு அவருக்கு என்னைவிட நல்லாத் தெரியுது’ என்று கனி நம்பினாள். பிறந்ததிலிருந்து அப்படி யாரும் தன்னைப் படித்ததில்லை என்ற பெருமை அவளுக்கு.

ஆறு வருஷம் அப்படிப் போயிற்று.

முதல் கப்பலில் போகவிருந்த தண்ணீர்ப் பொறியாளருக்கு இதயக் கோளாறு தெரிய வந்து, அந்த இடத்துக்கு ஆரஷைக் கூப்பிட்டார்கள். தனியாகப் போகலாம். ஜோடியாக வேண்டுமானாலும் போகலாம். ஆனால் ஜோடி என்றால் இதே கப்பல்தான். பின்னால் யாரையும் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. பதில் சொல்ல ஒரு வாரம் தந்தார்கள்.

ஒரு சாயங்காலம் இருவரும் தேரிக்குப் போனார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் மணல் ரத்தச் சிவப்பாகத் தெரியும். பிளாஸ்க்கில் தேநீர் கொண்டு போயிருந்தார்கள். பனைமரத்தடியில் உட்கார்ந்ததும் ஆரஷ் கேட்டான்.

“கனி, நான் இங்கேயே இருந்துடட்டுமா?”

அவளுக்கு நெஞ்சு முழுக்க ‘இருங்க’ என்றுதான் இருந்தது. ஆனால் ஒரு மனுஷன் சின்ன வயசிலிருந்து கண்ட கனவைத் தன் வாயால் எப்படித் தடுப்பது? முதல் வார்த்தையே ‘இருங்க’ என்று வந்தால் அது என்ன பொம்பளை?

“வேண்டாம்,” என்றாள். “எனக்காக இருக்க வேண்டாம். எவ்வளவு ஆசப்பட்டிய. போங்க.”

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். இப்போது சிரிப்பான், கோப்பையைக் கையில் வைப்பதுபோல எதையாவது செய்வான், ‘உன் வேண்டாம் எனக்குத் தெரியாதா’ என்பான் என்று பார்த்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். மணலை ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கில் ஒழுகவிட்டான்.

கொஞ்ச நேரம் பொறுத்து அவள் கேட்டாள். “அப்படின்னா நானும் கூட வரட்டுமா?”

“வேண்டாம்,” என்று அவன் குரல் காதுக்குள் கேட்டது. “அங்கே உனக்குக் கஷ்டம்.”

அதற்கப்புறம் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எதையோ எதிர்பார்க்கிற பார்வை. கோப்பை காலியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து அவள் தேநீர் ஊற்றினாள்.

மனசில் பட்டதை நேராகச் சொல்கிற ஆள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் அசிங்கம் என்று தோன்றியது. தன் மனசைத் தெரிந்தவன், தெரிந்தும் தெரியாதவன் போலப் போகிறான் என்பதுதான் அவளைக் கொன்றது. பயணத்துக்கு ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து செய்து கொடுத்தாள். பொரிக்கும்போது கண்ணைக் கரித்தது எண்ணெய்ப் புகை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

*

“புறப்படறதுக்கு முந்தின நாள் என்கிட்ட பேசினான்,” என்றாள் லாலே. முந்திரிக்கொத்தை அவள் இன்னும் தொடவில்லை. “‘அக்கா, இங்கேயே இருந்துடட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டா. அவளும் கூட வரட்டுமான்னு கேட்டா. நான் வேண்டாம்னு ஒரு தடவை சொன்னேன். அவ அதோட விட்டுட்டா’ன்னான். வேற எதுவும் சொல்லல. எனக்கு உன் மேல எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? ஒரு டம்ளர் தண்ணிக்கே மூணு தடவை கேப்போம். புருஷனை ஒரு தடவையோட விட்டுட்டாளேன்னு.”

“அவரும்தான் என்னை ஒரு தடவையோட விட்டார்.”

“நீ வேண்டாம்னு சொன்னியாமே.”

“ஒரு தடவைதானே சொன்னேன்,” என்றாள் கனி.

வெளியே மீன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“அவன் செய்தி அனுப்புவானே, வச்சிருக்கியா?” என்று லாலே கேட்டாள்.

வாரத்துக்கு ஒன்று வரும். கனி போன வாரத்து ஒளிப்பதிவைச் சுவரில் ஓடவிட்டாள். காதில் எதுவும் மாட்டாமல் அவள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. புருஷனுடைய அசல் பேச்சு அறையில் கேட்டது. அதே குரல்தான். ஆனால் சொற்கள் எல்லாம் தொண்டையின் அடியிலிருந்து உரசிக்கொண்டு வந்தன. ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆறு வருஷம் ஒரே தலையணையில் படுத்தவனின் பேச்சு இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பதிவு முடிகிற இடத்தில் அவன் ஒன்று சொல்லிக் கையசைத்தான்.

“இது என்னன்னு உன் காதுல கேட்டுது?”

“நலமா இரு. வாரா வாரம் அதான் சொல்றார்.”

லாலே தலையைக் குனிந்துகொண்டாள். “‘உன் இடம் காலியா இருக்கு’ன்னு சொல்றான். எங்க ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் சொல்றதுதான். விருந்துக்கு வராதவங்களைப் பாத்தா மறுநாள் சொல்லுவோம், ‘உங்க இடம் காலியா இருந்துது’ன்னு. வெறும் மரியாதைப் பேச்சுன்னு மெஷின் நினைச்சிருக்கும். ஆனா வாரா வாரம் யாரும் சொல்ல மாட்டாங்க, கனி.”

கனி எழுந்தாள். செருப்பை மாட்டினாள். பிறகு திரும்பி வந்து லாலேயின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

“எங்கே?”

“எங்க அண்ணன்கிட்ட. அவருக்குத் தெரியும்.”

*

சுயம்புலிங்கம் கனிக்குச் சித்தப்பா மகன். குடும்பங்களின் செய்திகளைக் கப்பலுக்கு அனுப்பும் நிலையத்தில் வேலை. ஊர் முழுக்கச் செவித்துணை பழுது பார்ப்பதும் அவர்தான். அறைக்குள் நுழைந்தவர்களைப் பார்த்ததும் எழுந்தார்.

“வா தாயி. உன் முறை சாயந்தரம்தானே? இது யாரு, மாப்பிள்ளைக்க அக்காவா? வாங்க, இரிங்க. காப்பி குடிக்கியளா?”

லாலேக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் டம்ளர் விளங்கியது. தலையை அசைத்து மறுத்தாள்.

“அட, குடிங்க. நல்ல கருப்பட்டி.”

அவள் நெஞ்சில் கைவைத்து மறுபடி மறுத்தாள்.

“அதெல்லாம் முடியாது. அம்புட்டு தூரத்துல இருந்து வந்துட்டு வெறும் வாயோட போவியளோ? பிடிங்க.”

லாலே வாங்கிக்கொண்டாள். சூடாக ஒரு மிடறு குடித்துவிட்டு அவரைப் பார்த்துப் புன்னகை செய்தாள். கனி அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு பொதுச் சொல்கூட இல்லாத இரண்டு பேர். நடுவில் பூச்சியும் இல்லை. என்ன சுலபமாக முடிந்துவிட்டது.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். நாம வேண்டாம்னு சொன்னா பூச்சி என்ன செய்யும்?”

“எதை வேண்டாம்னு சொன்னா?”

“எதையாவது. காப்பிய.”

“சும்மா மரியாதைக்குச் சொல்லுதோம்னு அதுக்குத் தெரிஞ்சா, சரின்னே சொல்லிப்பிடும். நேரம் மிச்சம்லா? நீ வேண்டாம்னு சொல்லுவ, அந்தப் பக்கம் ‘கொடுங்க’ன்னு கேக்கும். உலகத்துல பாதி ஊருல இந்தப் பழக்கம் இருக்கு. நாம, ஜப்பான்காரன், சீனாக்காரன், இவுக ஊருக்காரவுக. ரெண்டு பக்கமும் மாறி மாறி வேண்டாம் வேண்டாம்னு நின்னா வேலை நடக்குமா? அதான் அப்படிச் செஞ்சு வச்சிருக்கான்.”

கனிக்கு முதல் நாள் தேரிக்காட்டில் ஆரஷ் என்ன சொல்லியிருப்பான் என்று இப்போது தெரிந்தது. வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பான். நெஞ்சில் கைவைத்து, செம்மண் இமையோடு, மூன்று தடவை கேட்பாள் என்று நின்றிருப்பான். அவன் சிரித்தபடி கையில் வைத்த கோப்பைகள் எல்லாம்? ‘குடிக்கிறேன், கொடுங்க’ என்று அவள் குரலிலேயே அவன் காதில் கேட்டிருக்கும். மனசில் பட்டதைப் பட்டென்று சொல்கிற பெண் கிடைத்தாள் என்று அவனும் தன் தோழர்களிடம் சொல்லியிருப்பான்.

“அப்படின்னா அண்ணே, அவரு என்கிட்ட இருந்துடட்டுமான்னு கேட்டாவல்லா, நானும் வரட்டுமான்னு கேட்டேனே, அப்ப மட்டும் ஏன் வேண்டாம்னே கேட்டுது? அப்பவும் ரெண்டு பேரும் மரியாதைக்குத்தானே சொன்னோம்? அதுக்குத் தெரியாதா?”

சுயம்புலிங்கம் மேசையில் கிடந்த திருப்புளியை எடுத்து இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

“தெரிஞ்சிருக்கும்.”

“பின்ன?”

“காப்பிக்கு ஒரு சட்டம், கல்யாணத்துக்கு ஒரு சட்டம் தாயி. முன்ன ஒரு கேசு நடந்துச்சு. ஏதோ ஒரு ஊருல ஒரு பிள்ளை, மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்லிருக்கு. பூச்சி, மரியாதைக்குச் சொல்லுதான்னு நினைச்சு, சரின்னு மாத்திச் சொல்லிட்டு. அந்தப் பிள்ளை பட்ட பாடு... விடு. அதுக்கு அப்புறம் சட்டம் வந்துது. பெரிய விஷயம் எதுவா இருந்தாலும், கல்யாணம், ஆபரேஷன், சொத்து, ஊரை விட்டுப் போறது, இதுக்கெல்லாம் பூச்சி தன் புத்தியைக் காட்டக் கூடாது. வாயில வந்த முதல் வார்த்தை என்னவோ அதை அப்படியே சொல்லணும். வேண்டாம்னா வேண்டாம்.”

“இது நமக்கு யாரும் சொல்லலியே.”

“மாட்டும்போது சொல்லும். யாரு கேட்டா? நானும் கேக்கல.” திருப்புளியைக் கீழே வைத்தார். “நல்ல சட்டம்தான் தாயி. எனக்கும் பொண்ணு இருக்கு.”

கனி மெதுவாக, கிடைத்த ஆங்கிலத்தில், லாலேக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள். லாலே நடுவில் இரண்டு முறை நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னாள். ஒரு செவித்துணை ஒரு நொடியில் முடிக்கிற வேலை அது. காப்பி ஆறிப்போகும்வரை ஆயிற்று.

“அப்போ நான் யார் மேல கோபப்படறது?” என்று கடைசியில் லாலே கேட்டாள்.

“தெரியல அக்கா. நானும் அதைத்தான் தேடறேன்.”

அக்கா என்று தமிழிலேயே வந்துவிட்டது. லாலே அதற்கு அர்த்தம் கேட்கவில்லை.

சாயங்கால முறை வரை அவர்கள் நிலையத்திலேயே இருந்தார்கள். நேரம் நெருங்கியதும் சுயம்புலிங்கம் கண்ணாடி அறையைத் திறந்துவிட்டார். கனி உள்ளே போகாமல் வாசலில் நின்றாள்.

“அண்ணே, நான் இப்ப தமிழ்ல பேசினா அப்படியே போவுமா?”

“போவாது. கப்பல்ல நடுவுல ஒரு பெரிய பூச்சி இருக்கு. அங்கருந்து வாரதை விட்டுரும், இங்கருந்து போறதை மாத்தித்தான் கொடுக்கும். பேசுறவ மொழியும் கேக்கிறவன் மொழியும் ஒண்ணா இருந்தாத்தான் அது கை வைக்காது.”

கனி லாலே பக்கம் திரும்பினாள். “அவர் மொழியில எனக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுங்க.”

என்ன வாக்கியம் என்று சொன்னாள். லாலே சொல்லிக் கொடுத்தாள். இன்னொரு தடவை கேள் என்று அதற்கு அர்த்தம். பெயரோடு ‘ஜான்’ என்று சேர்த்துக்கொள், உயிரே என்று கூப்பிடுவது அது, என்றும் சொன்னாள். கனிக்கு முதலில் நாக்கு புரளவில்லை. லாலே திரும்பச் சொன்னாள். கனியும் திரும்பச் சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல இரண்டு பேரும் வாசல்படியில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள்.

“கனி,” என்றார் சுயம்புலிங்கம். அவருக்கு அவள் என்ன செய்யப் போகிறாள் என்று புரிந்துவிட்டது. “மாப்பிள்ளை கேட்டா மட்டும் என்ன ஆவும்? கப்பல் திரும்பாது. நீயும் போவ முடியாது.”

“தெரியும்ணே.”

“பின்ன எதுக்குட்டி அவுகளையும் அங்க கிடந்து வேதனைப்பட வைக்க?”

அவள் யோசித்தாள். நியாயமான கேள்விதான்.

“அவரு நான் நெசமாவே வேண்டாம்னு சொன்னேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு. நான் அவரு நெசமாவே வேண்டாம்னு சொன்னாருன்னு நினைச்சேன். இந்த நாலு மாசம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அவருக்கு இன்னும் நாற்பது வருஷம் இருக்கு.” பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அதுவும் இல்லாம, ஆறு வருஷமா எங்க வீட்டுல யாரும் யாரையும் ரெண்டாவது தடவை கேட்டதே இல்லண்ணே.”

அவர் வழிவிட்டார்.

கண்ணாடி அறைக்குள் ஒரு நாற்காலியும் ஒலிவாங்கியும் மட்டும் இருந்தன. வழக்கமாக அவள் இங்கே உட்கார்ந்து மழை பெய்ததைச் சொல்வாள், அலமாரிக் கதவு உடைந்ததைச் சொல்வாள், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வாள். அதெல்லாம் அங்கே போய் என்னவாகக் கேட்டதோ. இன்றைக்குக் காதில் எதுவும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே லாலே உதட்டை அசைத்து அந்தச் சொற்களைக் காட்டிக்கொண்டிருந்தாள், பரீட்சை அறை ஜன்னலில் நிற்கும் தாயைப்போல.

பச்சை விளக்கு எரிந்தது.

இங்கிருந்து புறப்படும் குரல் அவனிடம் போய்ச் சேரச் சில நிமிஷங்கள் ஆகும். அவன் பதில் சொன்னால் அது வந்து சேர இன்னும் சில நிமிஷங்கள். நடுவில் ஒன்றுமே இல்லாத இருட்டு. எவ்வளவோ சொல்ல இருந்தது. தேரியில் அவன் அள்ளி ஒழுகவிட்ட மணலைப் பற்றி, அவள் தப்பாக நினைத்து ஊற்றிய தேநீரைப் பற்றி. அவன் மொழியில் அவளுக்குத் தெரிந்தது ஒரு வாக்கியம்தான்.

கனி ஒலிவாங்கிக்குக் கிட்டே குனிந்தாள்.

“ஆரஷ் ஜான்,” என்றாள். “யே பாரே தீகே பெபோர்ஸ்.”